சிந்தாத கெட்டில்

எஸ்தர்,

வியாழக்கிழமை நீ ஒரிசாவுக்கு ரயில் ஏறுகிறாய். மூன்று மாதம் கடற்கரையில் கூடாரம் போட்டுத் தங்கி, கடல் எவ்வளவு மண்ணை அரித்துக்கொண்டு போகிறது என்று அளக்கப் போகிறாய். ஒரு வாரமாக நாம் இருவரும் துணி மடிப்பதைப் பற்றியும் ஊறுகாய் டப்பாவைப் பற்றியும் மட்டுமே பேசிக்கொண்டிருக்கிறோம். வாயைத் திறந்தால் வேறு ஏதாவது வந்துவிடுமோ என்று எனக்கும் பயம், உனக்கும் பயம். தினமும் வகுப்பில் தொண்டை வறளப் பேசுகிறவள், பெற்ற மகளிடம் பேச வேண்டியதைத் தாளில் எழுதிக்கொண்டிருக்கிறேன். ரயிலில் உட்கார்ந்து நிதானமாகப் படி. உன்னோடு வேலைக்குச் சேர்ந்து கூடவே வருகிற ஜெரினாவுக்கும் படித்துக் காட்டு. அவளைப் பற்றியும் இதில் இருக்கிறது, மறைக்க ஒன்றுமில்லை.

உனக்கு முதல் வலிப்பு வந்தபோது எட்டாம் வகுப்பில் இருந்தாய். என் பள்ளிக்கூடத்திலேயே, காலைப் பிரேயரில், வரிசையில் நின்றவள் மரம் சாய்கிற மாதிரி சாய்ந்தாய். நான் ஓடி வருவதற்குள் யாரோ உன் கையில் பீரோ சாவிக்கொத்தைத் திணித்திருந்தார்கள். உன் விரல்கள் அதைப் பிடித்துக்கொண்டு நடுங்கியதை நான் இன்னும் மறக்கவில்லை. டாக்டர் மாத்திரை எழுதித் தந்தார், தூக்கம் கெடக் கூடாது என்றார், பயப்படாதீர்கள் என்றார். மாத்திரையையும் தூக்கத்தையும் நான் பார்த்துக்கொண்டேன். பயப்படாமல் இருப்பதுதான் எனக்கு வரவில்லை. சர்ச்சில் கேட்டவர்களிடம் ரத்தம் கம்மி என்றேன். ஸ்டாஃப் ரூமில் வெயில் மயக்கம் என்றேன். உன் அப்பாவின் அக்காவுக்குக்கூட இன்றுவரை உனக்கு ரத்தம் கம்மிதான். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் பேரீச்சம்பழம் வாங்கி வருகிறாள்.

பிளஸ் டூ முடித்த விடுமுறையில் அது நடந்தது. நான் மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். நீ குளிக்க வெந்நீர் போட்டு, பாத்திரத்தை இறக்கும்போது விழுந்திருக்கிறாய். அலுமினியப் பாத்திரம் உருண்ட சத்தம் கேட்டுத்தான் நான் இறங்கி வந்தேன். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தோல் வழன்று கிடந்தது. வலிகூடத் தெரியாமல், எங்கே இருக்கிறோம் என்று விழித்துக்கொண்டு என்னைப் பார்த்தாய். அன்றோடு அடுப்பு உனக்கு இல்லை என்று நான் முடிவு செய்தேன். நீ கல்லூரிக்குப் போன வருடங்களில், காலையில் நான் பள்ளிக்குக் கிளம்பும்போது சிலிண்டரிலிருந்து ரெகுலேட்டரைக் கழற்றி, பீரோவில் வைத்துப் பூட்டிக்கொண்டு போவேன். உனக்கு ஃப்ளாஸ்கில் காபி இருக்கும். ஜியாலஜியில் எம்.எஸ்ஸி. முடித்த பெண், பாறைகள் உருகுகிற சூட்டைப் பற்றிப் பரீட்சை எழுதியவள், அதற்குப் பிறகு சொந்த வீட்டில் ஒரு டம்ளர் தண்ணீர் சுட வைத்துக் குடித்ததில்லை. நான் செல்லம் கொடுத்துக் கெடுத்துவைத்த பெண் என்று பக்கத்து வீட்டில் உன்னைச் சொன்னார்கள். அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அந்தப் பேர் எனக்கு வசதியாக இருந்தது.

அதனால்தான், வேலை கிடைத்த வாரம் நீ வந்து, "மா, எனக்கு ஒரு கெட்டில் வாங்கணும். மடக்கிப் பைக்குள்ள வெக்கிற மாதிரி. டென்ட்ல அவங்கவங்க டீ அவங்கவங்க போட்டுக்கணுமாம்" என்று சொன்னபோது முதலில் என் கண் உன் கைத் தழும்புக்குப் போனது. வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. சொன்னால் நீயே போய் எதையாவது வாங்கிவிடுவாய். நானே தேர்ந்தெடுக்கலாம் என்று நினைத்தேன். அகலமான அடி வேண்டும், குறுகிய வாய் வேண்டும், மூடி திருகிப் பூட்டுகிற மாதிரி இருக்க வேண்டும், கொதித்ததும் தானாக அணைய வேண்டும். செங்கல்பட்டில் இருந்த பாத்திரக் கடைகளில் நான் கேட்டதைப் புரிந்துகொள்ளவே ஆளில்லை. சனிக்கிழமை இருவரும் பாரிமுனைக்குப் போனோம்.

அந்தச் சந்துக் கடை உனக்கு நினைவிருக்கும். கடைக்காரர் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். எவர்சில்வரில் கைப்பிடி மடங்குவது, பிளக் போடுகிற சின்ன பிளாஸ்டிக் கெட்டில், இரண்டு கப்போடு சேர்ந்து வருவது. நான் பிளக் போடுவதை எடுத்து, இதுதான் தானே அணைகிறது, இதுவே போதும் என்றேன். "டென்ட்ல பிளக் பாயின்ட் எங்கமா இருக்கும்?" என்று நீ கேட்டாய். அந்த யோசனையே எனக்கு வரவில்லை. அப்புறம் மற்றவற்றில் தண்ணீர் ஊற்றித் தரச் சொன்னேன். ஒவ்வொன்றையும் கண்ணாடி மேசையின் மேல் வைத்து, விரலால் தள்ளிச் சாய்த்துப் பார்த்தேன். ஒன்று மூடி திறந்து கொட்டியது. இன்னொன்று மூக்கு வழியாகக் கொட்டியது.

கடைக்காரர் துணியை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். "இன்னாமா பண்றீங்க? கடையே கொளமா ஆயிடுச்சு. கெட்டில் வாங்க வந்தீங்களா, கடைய கழுவிவுட வந்தீங்களா?"

"கீழ விழுந்தா மூடி திறக்குதான்னு பாக்கணும்."

"அது ஏன் விழப்போவுது? நேரா வெச்சா நேரா நிக்கும். வூட்ல கொழந்த கீதா?"

"ஆமா, சின்னக் குழந்த இருக்கு" என்றேன்.

நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். அதற்குள் அவர் சமாதானமாகி, உள்ளேயிருந்து புதிதாக ஒன்றைக் கொண்டுவந்தார். அடி மட்டும் தகடு, சுற்றுச்சுவர் முழுக்க ஆரஞ்சு நிற ரப்பர். உள்ளங்கையால் அழுத்தினால் தட்டு மாதிரி தட்டையாகிவிடும், இழுத்தால் கெட்டிலாக எழுந்து நிற்கும். "ஃபாரின் சரக்கு. மேல தொட்டா சுடாது. தீ அடியத் தாண்டிப் பக்கத்துல ஏறாம பாத்துக்கணும், அவ்ளோதான்" என்றார். நீ அதை அழுத்தியும் இழுத்தும் பார்த்தாய். உன் முகத்தில் அப்படி ஒரு ஆசையை நான் பார்த்து வெகு நாளாகியிருந்தது. நான் அதிலும் தண்ணீர் ஊற்றித் தள்ளினேன். தொளதொளவென்று வளைந்து, மூடி தெறித்து, அத்தனை தண்ணீரும் உன் துப்பட்டாவில் கொட்டியது. "பாத்தியா" என்றேன். நீ கடையை விட்டு இறங்கிப் போய்விட்டாய்.

திரும்பும் ரயில் கூடுவாஞ்சேரிக்கு வந்தது. அங்கே கூட்டம் இறங்கிய பிறகு கேட்டாய். "யாருமா அந்தச் சின்னக் குழந்த?"

"கடைக்காரன்கிட்ட எல்லாத்தையும் சொல்லணுமா?"

"கடைக்காரன்கிட்ட சொல்ல வேணாம். ஆபீஸ்ல சொல்லிட்டேன். கூட வர்றவங்க எல்லாருக்கும் தெரியும்."

யாரைக் கேட்டுச் சொன்னாய் என்று கத்தினேன். "சொல்லாமப் போயி அங்க விழுந்தேன்னா அவங்க என்ன பண்ணுவாங்க? கையில சாவி குடுப்பாங்களா?" என்றாய். நாளைக்கு உன்னை எவன் கட்டிக்கொள்வான் என்று கேட்டேன். எதிர் சீட்டில் இருந்த பெண்கள் இருவர் அவசரமாக ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்கள். நீ துப்பட்டாவைப் பிழிந்துகொண்டே வந்தாய். வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம் சொல்லி அழுதேன். மறைமலைநகர் கம்பெனி பஸ்ஸை ஓட்டிவிட்டு அப்போதுதான் வந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். "சொல்ட்டாளா? சரி உடு டீச்சர். தெரிஞ்சவங்க பக்கத்துல இருந்தா நமக்குத்தான நல்லது" என்றார். அன்றைக்கு அவரோடும் பேசவில்லை. அடுத்த வாரம் நீ ஜெரினாவோடு போய் அந்த ஆரஞ்சு கெட்டிலையே வாங்கி வந்தாய். கூடத்து மேசையில் என் கண்ணில் படுகிற மாதிரி வைத்தாய்.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே சவுக்குத்தோப்பில் உங்களுக்குப் பயிற்சி முகாம் போட்டார்கள். நீ போன மறுநாளே எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டு, திருக்கழுக்குன்றம் வழியாகப் போகிற காலை பஸ்ஸைப் பிடித்தேன். கையில் ஃப்ளாஸ்கில் காபி. உன்னைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்பதற்கு அதுதான் சாக்கு. தோப்புக்குள் நடந்து வந்தபோது கூடாரத்துக்கு வெளியே ஜெரினா மட்டும் உட்கார்ந்திருந்தாள். ஒரு காலைப் பக்கெட் தண்ணீருக்குள் விட்டிருந்தாள். என்னைக் கண்டதும் எழப் பார்த்தாள், முடியவில்லை.

"ஒண்ணும் இல்ல ஆண்டி. எஸ்தர் உள்ள தூங்குறா. அவளுக்கு ஒரு காயமும் இல்ல. நீங்க மொதல்ல உக்காருங்க" என்றாள். நான் நின்றுகொண்டே இருந்தேன். அவள் சொன்னாள். "நைட்டு சரியாத் தூங்கல ஆண்டி. ஒரே காத்து, டென்ட்டு படபடன்னு அடிச்சிகினே இருந்துச்சு. காலைல டீ போட உக்காந்தா. எல்லாம் ஒழுங்காத்தான் பண்ணா. மணல்ல குழி பறிச்சு அதுக்குள்ள அடுப்ப வெச்சா. கெட்டில்ல பாதிதான் தண்ணி. என்னையும் எதிர்ல உக்காரச் சொன்னா. திடீர்னு கை வெட்டி இழுத்துச்சு, அப்டியே முன்னால சாஞ்சா. அவ மேல கொட்டிடுமேன்னு நான் கெட்டில இந்தப் பக்கம் தட்டிவுட்டேன்." பக்கெட்டைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். "இந்தப் பக்கம் என் கால் இருந்துச்சு. அத மறந்துட்டேன்."

உள்ளே எட்டிப் பார்த்தேன். நீ ஒருக்களித்துப் படுத்திருந்தாய், யாரோ உன் தலைக்கடியில் சால்வையை மடித்து வைத்திருந்தார்கள். எப்படிப் படுக்க வைக்க வேண்டும் என்று நீ அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தாய் என்பது பிறகுதான் தெரிந்தது. உன்னை எழுப்பவில்லை. உள்ளே உன் பக்கத்தில் உன் குழுவினர் இருவர் இருந்தார்கள். இந்தப் பெண்ணோடு போக வேண்டியது நான்தான் என்று தோன்றியது. மாமல்லபுரத்தில் கட்டுப் போட்டு, ஆட்டோ பிடித்து, ஜெரினாவைக் கோவளத்தில் அவள் வீட்டில் கொண்டுபோய் விட்டேன்.

அவள் அம்மா வாசலில் மீன் கழுவிக்கொண்டிருந்தார். மகளின் காலைப் பார்த்ததும் கத்தியைப் போட்டுவிட்டு எழுந்தார். "யாரு பண்ணது இது?"

வழியெல்லாம் நான் யோசித்து வைத்திருந்தது வேறு. கெட்டில் சரியில்லை, ரப்பர், தொளதொளவென்று இருக்கிறது, தவறிவிட்டது என்று சொல்லலாம் என்றுதான் வந்தேன். அந்தம்மாள் முகத்தைப் பார்த்ததும் அது வரவில்லை. "என் பொண்ணுக்கு வலிப்பு இருக்கு. அவ மேல சுடுதண்ணி கொட்டாம இருக்க உங்க பொண்ணு தட்டிவிட்டிருக்கா" என்றேன். எஸ்தர், வெளியாள் ஒருவரிடம் அந்த வார்த்தையை நான் சொன்னது அதுதான் முதல் தடவை.

"வலிப்பு கீற பொண்ண அடுப்பாண்ட வுட்டுட்டு நீ இன்னா பண்ணிகினு இருந்த?"

அடுப்பைத் தொடவிடாமல்தான் இத்தனை வருடம் வைத்திருந்தேன் என்று சொல்லப் போனேன். ஜெரினா குறுக்கே வந்தாள். "ம்மா, சும்மா இரு. எனக்குத் தெரிஞ்சுதான் எதிர்ல உக்காந்தேன்."

"நீ வாய மூடு" என்று அவளை உள்ளே கைத்தாங்கலாகக் கொண்டுபோனார். நான் வாசலிலேயே நின்றேன். திரும்பி வந்தவர் கோபம் தணியாமலேதான் கேட்டார். "இப்ப அது எங்க கீது? தனியாவா?"

"தூங்குறா. கூட ஆளுங்க இருக்காங்க."

"ஆளுங்க இருந்தா? எழுந்ததும் யாரத் தேடும்? நீ இங்க நின்னுகினு இன்னா பண்ற? போ. பொண்ணாண்ட போ."

நான் திரும்பி வந்தபோது மத்தியானம் ஆகியிருந்தது. நீ எழுந்து கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாய். "ஜெரினா கால் எப்படி இருக்கு?" என்று மட்டும் கேட்டாய். கட்டுப் போட்டாயிற்று, ஆழமான காயமில்லை, தோல்தான் என்றேன். உன் பையைக் கட்டி வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவது என்று பஸ்ஸிலேயே முடிவு செய்திருந்தேன். உன் குழுத்தலைவி வந்தார். நான் பேச வாயெடுப்பதற்குள் அவர் என்னைப் பார்க்காமல் உன்னைப் பார்த்துக் கேட்டார். "என்ன செய்யலாம் எஸ்தர்?"

நீ மணலைக் கிளறிக்கொண்டே சொன்னாய். "நான் ஒரிசா வரேன் மேடம். டாக்டர்கிட்ட திரும்பப் போய்க் கேட்டுட்டு வரேன். ஆனா அடுப்பு எனக்கு வேணாம். தண்ணி தூக்குறேன், பாத்திரம் கழுவுறேன், டென்ட் கட்டுறேன். தீ மட்டும் வேற யாராவது பாத்துக்கட்டும்." எழுந்து போய் கெட்டிலை எடுத்தாய். மணலைக் கழுவினாய். உள்ளங்கையால் அழுத்தித் தட்டையாக்கி, ஜெரினா விட்டுப்போயிருந்த பைக்குள் வைத்தாய்.

நான் வருடக்கணக்காக வேண்டிக்கொண்டது அதுதானே? என் மகள் தீயைத் தொடக் கூடாது என்பதுதானே? கேட்டது கிடைத்துவிட்டது. ஆனால் நான் சவுக்கு மரங்களுக்குப் பின்னால் போய், உனக்குக் கேட்காமல், சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். ரெகுலேட்டரைக் கழற்றி நான் பீரோவில் பூட்டியபோதெல்லாம் உன் முகத்தை நான் பார்த்ததில்லை, நான் அவசரமாகப் பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருப்பேன். அன்றைக்கு மணலில் உட்கார்ந்து பார்த்தேன். எவ்வளவு ஆசையாக வாங்கியதை எவ்வளவு மெதுவாக மடித்தாய்.

முகாமிலிருந்து வந்த பிறகு ரெகுலேட்டரை நான் கழற்றவில்லை என்பதை நீ கவனித்திருப்பாய். வேண்டுமென்றேதான் விட்டுவிட்டுப் போனேன். அப்பா இப்போது நைட் ஷிப்ட் வண்டி ஓட்டிவிட்டுப் பகலில் வீட்டில்தானே இருக்கிறார், நீ ஒரு காபி போட்டுக் குடிக்கலாமே என்று. சாயங்காலம் வந்து பார்த்தால் அடுப்பு காலையில் நான் துடைத்து வைத்த மாதிரியே இருந்தது. மறுநாளும் அப்படித்தான். ஃப்ளாஸ்க் மட்டும் காலியாகக் கழுவிக் கவிழ்த்திருந்தது. நான் உன்னைக் கேட்கவில்லை. நீயும் சொல்லவில்லை. காலம் தாழ்த்திக் கொடுத்ததை வாங்கிக்கொள்ள உனக்கு மனமில்லையா, ஜெரினாவின் கால் கண்ணில் நிற்கிறதா, எனக்குத் தெரியாது. இது என்னைத் தின்றுகொண்டிருக்கிறது என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

நான் மாறிவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. டாக்டர் மாத்திரையின் அளவைக் கூட்டி, தூங்கு, தனியாக இருக்காதே, போய் வா என்று சொன்ன பிறகும் எனக்குப் பயம்தான். உன் கல்யாணத்தைப் பற்றிய கவலையும் அப்படியே இருக்கிறது. யாராவது பெண் கேட்டு வந்தால் முதலிலேயே சொல்லிவிடுவேன் என்பது மட்டும்தான் புதிது. உன் அத்தையிடமும் சொல்லிவிட்டேன். பேரீச்சம்பழம் இனி வராது. நீ போகிற இடத்தில் தண்ணீருக்குள் தனியாக இறங்காதே. காற்று அடித்து டென்ட் தூங்கவிடவில்லை என்றால், மறுநாள் வேலைக்கு வரவில்லை என்று வெட்கப்படாமல் சொல். உனக்காக ஒருத்தி பக்கத்தில் உட்கார்ந்தால், அவள் கால் எங்கே இருக்கிறது என்று நீயும் பார். இதையெல்லாம் நீயே யோசித்திருப்பாய். இருந்தாலும் எழுதாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

நேற்று ஜெரினாவின் அம்மா ஃபோன் செய்தார். என் நம்பரை மகளிடம் வாங்கியிருக்கிறார். "உம் பொண்ணு மாத்திர ஒழுங்கா சாப்புடுதா?" என்றார். சாப்பிடுகிறாள் என்றேன். "எம் பொண்ணு சொன்னா கேக்கறதில்ல. கால் ஆறனதும் மூட்ட கட்டிகினா" என்றார். "நீ ஸ்டேஷனுக்குப் போறியா?" என்று கேட்டார். போகத் தைரியமில்லை, உன் குழுவினர் முன்னால் உன் பையைப் பிரித்து மாத்திரையை எண்ண ஆரம்பித்துவிடுவேன் என்றேன். "நானும் போவல. போனா ஒப்பாரி வெச்சு ஊரக் கூட்டிடுவேன். அவ மானம் போயிடும். நீ ஒண்ணு பண்ணு, வெசாழக்கெழம எங்க வூட்டுக்கு வந்துடு. தனியா வூட்ல குந்திகினு இன்னா பண்ணுவ? மீன் கொழம்பு வெக்கிறேன்."

அதனால் அப்பாதான் உங்கள் இரண்டு பேரையும் சென்ட்ரலில் ஏற்றிவிடுவார். நான் கோவளத்தில் இருப்பேன். இதைப் படித்து முடித்ததும் அந்த வீட்டு நம்பருக்குப் பேசு. யார் எடுத்தாலும் உன் அம்மா என்றே நினைத்துப் பேசு.